முன் சக்கரத்துக் கட்டை

ரேடியோ என்று அந்தத் தெருவில் யாராவது சொன்னால் பாட்டுப் பெட்டியைத் தேட வேண்டாம். வண்டி ரிப்பேர் செய்கிற மனுஷனைத்தான் சொல்கிறார்கள். வேலை என்று குனிந்துவிட்டால் அவருக்கு வாய் ஓயாது. எந்த நட்டைக் கழற்றுகிறார், அது ஏன் கழல மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது, இதற்கு முன்னால் இந்த வண்டியில் கை வைத்த மகானுபாவன் யார், அவனை எதால் அடிக்கலாம் என்பதெல்லாம் எதிர்ச்சாரி மரக்கடை வரைக்கும் கேட்கும். அந்தக் கடையில் பலகை சுமக்கிறவர்கள்தான் பெயர் வைத்தார்கள். அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

மனைவி தையல்காரி. வீட்டுக்கு முன்னால் தகரம் போட்ட கொட்டகை, கொட்டகையை ஒட்டி முன்னறை, நடுவில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வண்டி, இந்தப் பக்கம் தையல் மிஷின். பதினோரு வருஷமாக அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவருக்கு "ம்" கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த "ம்" சும்மா வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த ஒர்க்ஷாப்பில் ஒருத்தர் லாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கிடந்தார். வெளியே தெரிந்த காலைப் பார்த்தவர்கள் எல்லாம், ஆள் வேலையில் இருக்கிறார் என்று தாண்டிப் போனார்கள். அதனால் சொந்தக் கொட்டகை போட்ட அன்றைக்கே சொல்லிவிட்டார்: "நான் சத்தம் குடுத்துக்கிட்டே இருப்பேன். நீ ம்னு சொல்லணும். என் சத்தம் நின்னா ஓடி வந்து பாக்கணும். புரிஞ்சுதா?" அவளும் "ம்" என்றாள்.

இன்னொரு வேலையும் அவளுடையது. முன் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. கொட்டகைத் தரை மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப்பக்கம் சாய்த்துப் போட்டது. வண்டி மூக்கை உள்ளே நீட்டி வந்து நிற்கும். அவர் பின்னால் ஜாக்கியோடு குந்தியிருக்கும்போது அவள் எழுந்து போய், முன் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆப்பு மாதிரி செதுக்கிய கட்டைகளைக் காலால் உதைத்து இறுக்கிவிட்டு வருவாள். பின்னால் வைக்கிற கட்டைதான் உயிர். தெருவைப் பார்த்து உருளாமல் வண்டியைப் பிடிப்பது அதுதான்.

அன்றைக்குக் காலையிலிருந்து மழை. முன்னறையில் தரைக்கல் ஒன்று பெயர்ந்து, மிஷின் ஆடத் தொடங்கியது. பள்ளிக்கூடச் சீருடை நாற்பது சட்டை மறுநாள் போயாக வேண்டும், இருபத்தாறுக்குத்தான் காஜா எடுத்திருந்தாள். ஆடுகிற மிஷினில் காஜா எடுத்தால் பட்டன் ஓட்டை பல்லில்லாத வாய் மாதிரி இளிக்கும். காகிதத்தை மடித்து வைத்துப் பார்த்தாள், அட்டையை வைத்துப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு கட்டையை எடுத்து வந்து மிஷின் காலுக்குக் கொடுத்தாள். அப்படியே நின்றது மிஷின். வண்டி ஏதாவது வந்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மழை விட்டுப் பதினொரு மணிக்குப் பால் வேன் வந்தது.

"என்னய்யா, முதுகு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு வருது?" என்றார் ரேடியோ.

"பின்னால லெஃப்ட்ல ஸ்பிரிங் பட்டை போல்ட்டு போச்சுன்னு நெனைக்கறேன்ணே. பள்ளத்துல எறங்கினா கடகடங்குது. ரெண்டு மணிக்கு மத்தியானப் பால் எடுக்கணும். முடியுமா?"

"கழட்டிப் பாத்தாத்தானே தெரியும். நீ வந்து நின்னதும் முடியுமான்னு கேட்டா நான் என்ன ஜோசியமா பாக்கறேன்? ஹேண்ட் பிரேக்கப் போட்டு கியர்ல விடு."

பால்காரன் போட்டான், விட்டான். சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று தெருமுனைக்குப் போனான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒலிபரப்பு ஆரம்பித்தது.

"நட்டைக் கொஞ்சம் தளத்திக்கறேன். தூக்கினப்பறம் தளத்தினா சக்கரம் சுத்தும்."

"ம்."

"பலகை போட்டாச்சு. ஜாக்கிய நிறுத்தியாச்சு. நேராத்தான் நிக்குது, மகராசி."

"ம்."

"அந்தக் கட்டையெல்லாம் வெச்சிட்டியா?"

அவள் அப்போது முப்பத்தொன்றாவது சட்டையில் இருந்தாள். காலருக்குக் கீழே வரும் முதல் காஜா கோணிப் போனால் சட்டையே போச்சு. கட்டை அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி, மிஷினைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ம்" என்றாள்.

அவர் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றி, வழக்கம்போல வண்டிச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டார். ஜாக்கி ஏமாற்றினாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும், ஆள் மேல் உட்காராது என்பது அவர் கணக்கு. அதற்கும் மேலே இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் உண்டு, சட்டத்துக்கு முட்டுக் கொடுக்க. அவை சுவரில் சாய்ந்திருந்தன.

"போல்ட்டு பாதி வெளிய வந்துதான் கெடக்கு. அஞ்சு நிமிஷ வேலை. ஸ்டாண்டு எதுக்கு? படுத்துக்கிட்டே தட்டி எடுத்துடறேன்."

"ம்."

டொக், டொக், டொக் என்று சுத்தியல் கேட்டது. அப்புறம் ஒரு கிறீச். அப்புறம் கொட்டகைத் தகரமே அதிர ஒரு சத்தம்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலை எடுத்தாள். கேட்டாள். ரேடியோ பேசவில்லை.

*

வேன் அரை அடி பின்னால் வந்திருந்தது. ஜாக்கி விழுந்து உள்ளே கிடந்தது. சட்டம் படுக்கப் போட்ட சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது, அது சரி. ஆனால் சக்கரத்தின் தடிமனும் மனுஷனின் நெஞ்சுத் தடிமனும் ஒன்றில்லையே. அவர் மல்லாந்து குறுக்கே கிடந்தார். தலை வெளியே, நெஞ்சுக்குக் குறுக்கே சட்டம், மற்றதெல்லாம் வண்டிக்கடியில். கண் திறந்திருந்தது.

"ஏங்க! ஏங்க!"

"கத்தாத" என்றார். காற்றே இல்லாத குரல். "மூச்சு... பாதிதான் போகுது."

அவள் போட்ட கூச்சலில் மரக்கடையிலிருந்து நான்கு பேர் ஓடி வந்தார்கள். மாடியிலிருந்து ரேடியோவின் அக்கா இறங்கி வந்தாள், கையில் கரண்டியோடு. இந்த நாத்தனார் கெட்டவள் இல்லை. ஆனால் தம்பிக்கு ஜலதோஷம் பிடித்தாலும் அதற்கு யார் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மருந்து தேடுவாள்.

"ஐயோ தம்பி! என்னடி ஆச்சு? எப்படி விழுந்துது?"

"தள்ளுங்கம்மா" என்றான் சுமைக்காரர்களில் பெரிய ஆள். "நாலு பேர் சேந்து ஒரு தம் புடிச்சாத் தூக்கிடலாம். நீங்க ரெண்டு பேரும் தோளப் புடிச்சு இழுங்க."

நால்வரும் குனிந்து கை கொடுத்துவிட்டார்கள். சட்டம் நூலளவு எழும்பியது. அவ்வளவுதான், வேன் மெல்லத் தெருவைப் பார்த்து நகர்ந்தது. கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பேச்சு இல்லை.

"விடுங்க! விடுங்க! உருளுது!" என்று அலறினாள் அவள்.

விட்டார்கள். வேன் நின்றது. அவர் முகம் சாம்பலாகியிருந்தது.

"கட்டை" என்றார். "முன்னால... கட்டையப் பாரு. எகிறிப் போச்சா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை வண்டி ஏன் உருண்டது என்று அவள் யோசிக்கவே இல்லை. முன் சக்கரத்தைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முன்னால் வைக்க வேண்டிய கட்டை மூலையில் கிடந்தது, பின்னால் வைக்க வேண்டியது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஓடினாள். மிஷின் காலுக்கடியிலிருந்து கட்டையைப் பிடுங்கினாள். மிஷின் சாய்ந்தது, முப்பத்தொரு சட்டையும் தரையில் சரிந்தது. ஜன்னல் கம்பி வழியாகத் தெரிந்த நாத்தனாரின் முதுகைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். முந்தானையில் மறைத்துக்கொண்டு போகலாமா என்றுகூட மனசு யோசித்தது. சீ என்று இருந்தது. கட்டையைக் கையில் தெரியும்படியே பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவசரத்தில் மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். தலை வெளியே இருந்ததே, அவள் எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்பது தெரிந்ததே.

"எங்க இருந்துச்சு?" என்றார்.

அவள் முன் சக்கரத்துக்கு ஓடினாள். சக்கரத்துக்குப் பின்னால் கட்டையை வைத்துச் சுத்தியலால் மூன்று அடி அடித்தாள். மற்றதை முன்னால் வைத்து அடித்தாள். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார்.

பால்காரன் சாயா கிளாஸோடு வந்தவன் அதை அப்படியே போட்டுவிட்டான். "அண்ணே!"

"உன் வண்டி ஜாக்கி எங்க?" என்று கேட்டாள் அவள்.

"சீட்டுக்கடில. எடுக்கறேன்."

எடுத்து வந்தான். திருகி ஏற்றுகிற ஜாக்கி, துருப்பிடித்த மண்டை. பெரிய ஆள் அதை வாங்கிச் சட்டத்துக்கடியில் திணித்தான்.

"வெறுந்தரைல வெக்காதீங்க. ஈரம், வழுக்கும்" என்றாள். "உங்க கடைலேர்ந்து தடிப் பலகை நாலஞ்சு கொண்டாங்க. அகலமா ஒண்ணு, மத்ததெல்லாம் துண்டு."

"அதுக்கெல்லாம் நேரமில்லம்மா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, இப்ப வந்துடும். அதுக்குள்ள டக்குனு ஏத்தி..."

"இந்தத் தடவ சாஞ்சா?" என்று கேட்டாள். "இந்தத் தடவ சாஞ்சா அவருக்கு நெஞ்சு இருக்காது. பலகை கொண்டாங்கண்ணே."

அவன் ஓடினான்.

அவளுக்கு ஜாக்கியைத் தொட்டுப் பழக்கமே இல்லை. ஆனால் பதினோரு வருஷம் ஜன்னல் வழியாக ஒரே பாடம் கேட்டவளுக்குக் கை தடுமாறவில்லை. பலகையைப் போட்டாள், மேலே ஏறி நின்று ஆடுகிறதா என்று பார்த்தாள். ஜாக்கியை அடிமட்டத்துக்குத் திருகி இறக்கி, சட்டத்துக்கு நேர் கீழே நிறுத்தினாள். மண்டையில் இருந்த கிரீஸைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஏங்க, சட்டத்துல எங்க குடுக்கறது? இங்கயா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏங்க! பேசுங்க! இங்கயா, இன்னும் முன்னாலயா?"

"பட்டை மாட்டற... எடத்துக்கு முன்னால" என்றார். "ஒரு சாண். மண்டை நடுவுல உக்காரணும். ஓரத்துல குடுத்தா..."

"வழுக்கும். தெரியும். நடுவுலதான் குடுத்திருக்கேன்."

ராடைச் செருகினாள். திருகினாள். மரை கத்தியது. ஜாக்கி சட்டத்தைத் தொடும் வரைக்கும் சுலபம். தொட்டதும் ராடு இறுகிப்போய், ஒவ்வொரு கால் சுற்றுக்கும் முழு உடம்பையும் சாய்க்க வேண்டியிருந்தது.

"நான் பண்றேன், குடுங்க" என்றான் பால்காரன்.

"நீ பலகையப் பாரு. நான் ஒரு விரல் ஏத்தினா நீ சட்டத்துக்குக் கீழ ஒரு துண்டு தள்ளணும். கையத் தள்ளாத, இன்னொரு கட்டையால தள்ளு. ஏத்தறது பெருசில்ல, ஏத்தினது எறங்காம இருக்கணும்."

ஒரு விரல். ஒரு துண்டு. ஒரு விரல். ஒரு துண்டு. மாடியில் நாத்தனார் அடுப்பில் விட்டு வந்த குழம்பு அடிப்பிடிக்கிற நாற்றம் வந்தது. யாரும் போகவில்லை. நாத்தனார் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் ரேடியோவுக்குத் தைரியம் போயிற்று. எத்தனை பேருக்குப் பாடம் சொன்னவர்! சட்டம் கொஞ்சம் எழும்பி மூச்சு முக்கால்வாசி போனதும், இன்னும் கால்வாசி எங்கே என்று உடம்பு பறக்க ஆரம்பித்துவிட்டது.

"போதும், இழு" என்றார். "இழுத்துடு."

"இன்னும் ரெண்டு விரல்."

"இல்ல, இழு. கையப் புடிச்சு இழுங்கப்பா. எனக்கு முட்டுது. அக்கா, இழுக்கச் சொல்லு. அவ கேக்க மாட்டா. நீ சொல்லு."

"இழுடி! அவன் சொல்றானே காதுல விழலையா? அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"சட்டத்துல இடுப்பு பெல்ட்டு மாட்டும் அண்ணி. பாதில மாட்டினா அவரு துள்ளுவாரு. துள்ளினா ஜாக்கி ஆடும்."

"செத்துடுவேன்டி" என்றார் அவர். அழுதார். பதினோரு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. "உன் கால்ல விழறேன். இழு."

அவளுக்கும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. இழுத்துவிட்டால் அவருக்கும் விடுதலை, அவளுக்கும் விடுதலை. சற்று முன்னால் ஒரு "ம்" சொன்னதும் இப்படி அவசரத்தில்தானே என்று நினைத்தாள். நினைத்ததும் ராடை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள். "திட்டிக்கிட்டே இருங்க. என்ன வேணாலும் சொல்லித் திட்டுங்க. வாய மட்டும் மூடாதீங்க."

அவர் திட்டினார். கல்நெஞ்சுக்காரி என்றார். உன்னைக் கட்டினதற்கு இந்த வண்டியைக் கட்டியிருக்கலாம் என்றார். மரக்கடை ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் ஒரு விரல் ஏற்றினாள். பால்காரன் துண்டு தள்ளினான். இன்னும் ஒரு விரல். சுவரில் சாய்ந்திருந்த இரண்டு ஸ்டாண்டையும் கொண்டுவரச் சொல்லி, சட்டத்துக்கடியில் கொடுத்து, கையால் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"இப்ப இழுங்க. மெதுவா. தோளுக்கடில கை குடுத்து."

வந்துவிட்டார். சட்டையில் கிரீஸ், நெஞ்சில் சட்டத்தின் அகலத்துக்கு ஒரு நீலத் தடம். காலை அசைத்தார். கையை அசைத்தார். இருமினார், இருமும்போது விலாவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். கத்தல் தெரு முழுக்கக் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் அவள் ராடைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

*

உயிர் வந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் கோபம் வந்தது. மனுஷ சுபாவம் அப்படி. பெரிய ஆள் வேனுக்குள் ஏறி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தான். சட்டென்று முழுசாக மேலே வந்தது.

"டேய், இதுல பிரேக்கே இல்லையேடா!"

"கேபிள் இழுத்துப் போச்சுண்ணே" என்றான் பால்காரன். "மூணு மாசமா..."

"மூணு மாசமாவா? சொன்னியா அவருகிட்ட?"

சொல்லவில்லை. கியரில் விட்டால் நிற்கும் என்று நினைத்தான். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியரும் பிடிக்காது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்கள். ஒருவன் கையை ஓங்கினான். நாத்தனார் எழுந்து போய்க் கரண்டியாலேயே பால்காரன் தோளில் ஒன்று வைத்தாள். "எந்தம்பியக் கொன்னிருப்பியேடா பாவி! நீதானேடா! நீதானே!"

"நான்தான்மா" என்றான் அவன். அழுதுகொண்டே அடியை வாங்கினான். "நான்தான்."

ரேடியோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ பேசாம இரு" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்குத் தெரியும். நமக்குள்ள இருக்கட்டும். அக்காவுக்குத் தெரிஞ்சா காலத்துக்கும் உன்ன விடாது."

உண்மைதான். விட மாட்டாள். அந்த வீட்டில் சாகிற வரைக்கும் இதே பேச்சுத்தான். பேசாமல் இருந்தால் எல்லாம் பால்காரனோடு போயிற்று. அவன் யார், எவன், நாளைக்கு வேறு தெரு வழியாகப் போவான். ஓங்கிய கை அவன் கன்னத்தில் இறங்கியது.

"அவன விடுங்க" என்றாள். எழுந்து நின்றாள். "கட்டை என் மிஷினுக்கடில இருந்துச்சு. காலைல நான்தான் எடுத்தேன். வெச்சிட்டியான்னு அவரு கேட்டாரு. நான் வெக்காமலே ம்னு சொன்னேன்."

காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"பிரேக்கும் இல்லம்மா" என்றான் பால்காரன், கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு. "அது நெஜம்தானே."

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அதில் வந்தவர், கூட ஒருத்தர் மட்டும் ஏறலாம் என்றார். அவள் படியில் கால் வைத்தாள். நாத்தனார் குறுக்கே கையை நீட்டினாள்.

"நான் போறேன். நீ வராத."

அவள் காலை எடுத்துக்கொண்டாள். நியாயம்தானே என்று தோன்றியது.

"அக்கா, கொஞ்சம் நில்லு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பழைய குரலில் பாதிகூட இல்லை. பிறகு மனைவியைக் கூப்பிட்டார். "இந்தா, இங்க பாரு."

பார்த்தாள்.

"வண்டி ஜாக்கில நிக்குது. அப்படியே விட்டுட்டு வரக் கூடாது. சக்கரத்த மாட்டி நீ எறக்கிடு. வேற யாரையும் தொட விடாத. எறக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. நீ வந்து சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

"நான் எறக்கறதா?"

"வேற யாரு? எனக்கு அந்தப் பசங்க மேல நம்பிக்கை இல்ல."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு பெரிய ஆள் ராடை எடுத்தான். "நீங்க போய் முகத்தக் கழுவுங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்."

"தொடாதீங்க" என்றாள். ராடை வாங்கிக்கொண்டாள். எல்லோரையும் சுவரோரம் போய் நிற்கச் சொன்னாள். சக்கரத்தை மாட்டி நட்டுகளை எதிரும் புதிருமாக முடுக்கினாள். துண்டுப் பலகைகளை உருவினாள். ஸ்டாண்டுகளை எடுப்பதற்கு முன்னால், அடியில் யாரும் இல்லை என்று அவ்வளவு பேருக்கும் தெரிந்திருந்தும், ஈரத் தரையில் குப்புறப் படுத்து வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தாள். அவருடைய சுத்தியலும் இடதுகால் செருப்பும் கிடந்தன. அங்கேயே, படுத்த வாக்கில், அவள் வாய்விட்டு அழுதாள். சுவரோரம் நின்றவர்கள் ஒன்றும் செய்யத் தெரியாமல் காத்திருந்தார்கள்.

பிறகு எழுந்து செருப்பை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கால் கால் சுற்றாக வண்டியை இறக்கினாள்.